கண்ணாடிக்கு உள்ளே பனி

அந்த வருஷம் தை பிறந்த பிறகும் பனி நெடுங்கொரையை விட்டுப் போகிற வழியைக் காணோம். தேயிலைக் கொழுந்து கருகி, குழாயில் தண்ணீர் கட்டியாகி, விடிந்து வெளியே வந்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பினாற்போல் வெளுத்துக் கிடக்க, ஊரே கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், வீடுகளின் சுவரில் மாட்டியிருந்த போட்டோக்கள் மூச்சுவிட ஆரம்பித்தன.

முதலில் பார்த்தது தபால்கார போஜன் வீட்டம்மாதான். மஸ்கட்டில் இருக்கும் மகனின் படத்தில், வாய்க்கு நேராகக் கண்ணாடியில் வெள்ளையாய் ஒரு திட்டு படிவதும் கலைவதும் மறுபடி படிவதுமாக இருக்க, அந்தம்மா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், படத்தைக் கழற்றி மடியில் போட்டு அழுத்தித் தேய்த்தும் பார்த்தாள். ம்ஹூம், போகவில்லை, ஏனென்றால் ஆவி படிந்திருந்தது கண்ணாடிக்கு உள்பக்கம். "அடக் கடவுளே, எம் பையனுக்குக் குளிருது" என்று சொல்லிவிட்டு, தான் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் குல்லாயைப் படத்தின் தலைமேல் மாட்டிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க இதே கதை. நெடுங்கொரைக்காரர்கள் அப்படித்தான், நடுங்குகிறவனைக் கண்டால் முதலில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டுத்தான் நீ யாரப்பா என்று கேட்பார்கள்.

வாரம் முடிவதற்குள் இன்னொன்றும் ஊருக்குப் புரிந்துபோனது. மூச்சுவிட்டதெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் படம். பொட்டு வைத்து மாலை போட்டு மாட்டியிருந்த படங்களோ, எவ்வளவு பனி பெய்தாலும் துடைத்துவைத்த மாதிரித் தெளிவாகவே இருந்தன. செத்தவர்களுக்கு ஏது மூச்சு, இதில் வாயைப் பிளக்க என்ன கிடக்கிறது என்று ஊர் அதையும் ஒப்புக்கொண்டது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போன் போடுவது குறைந்தது. எழுந்ததும் படத்தைப் பார்த்து, ஆவி படிகிறதா, சரி, நல்லா இருக்கான் என்று பல் விளக்கப் போனார்கள். பள்ளத்துத் தெரு அம்மாசையப்பன் தன் சொந்தப் படத்தில் ஒரு பொட்டு ஆவியைக்கூடக் காணாமல் சோறு தண்ணி இறங்காமல் கிடந்து, கடைசியில் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃப்ரேம் கடை சாதிக் பாயிடம் ஓடினார். "பாய், மறைக்காமச் சொல்லுங்க, நான் இருக்கேனா இல்லையா?" பாய் படத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கீங்க. இது லேமினேஷன். கண்ணாடி இருந்தாத்தான் மூச்சு தெரியும்" என்றார். செல்போன் படமும் அப்படித்தான், ஒன்றும் காட்டாது. சாமி படங்கள் ஒருநாள் வேர்த்தன, ஒருநாள் வேர்க்கவில்லை. அதைப்பற்றி மட்டும் யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை.

இப்படி ஊரில் எல்லாருக்கும் பதில் கிடைத்துக்கொண்டிருக்க, குணவதிக்குத்தான் கேட்பதற்கே ஒரு படம் இல்லை.

குணவதி அரசுப் பூங்காவில் வேலை பார்த்தாள். கோடை விழாவுக்கு வளர்க்கும் பூந்தொட்டிகள் பனியில் கருகாமல் இருக்க, சாயங்காலம் ஆனதும் காட்டிலிருந்து வெட்டிவந்த மிலார்ச் செடியை அவற்றின்மேல் போர்த்துவதும், விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் அவள் வேலை. அவள் புருஷன் சென்னியப்பன் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் முழுக்க அவனுக்குக் கேமராவில்தான். விடுமுறை நாளென்றால் பெண்டாட்டியையும் மகளையும் வாசலில் நிறுத்தி, இடப்பக்கம் தள்ளு, கழுத்தை நிமிர்த்து, சிரிப்பைப் பாதியிலே நிறுத்து என்று பாடாய்ப் படுத்தி எடுப்பான். ஊரில் காதுகுத்து, தொட்டில், கன்று போட்ட பசு, எதுவானாலும் கூப்பிடாமலே கேமராவோடு வந்து நிற்பான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், மேட்டுச் சோலையில் காட்டுப்பூவரசு பூத்துவிட்டது, படம் எடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று போனவன்தான். சோலைக்குக் கீழே பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள், செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. விழுந்திருப்பான் என்று பாதி ஊர் சொன்னது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று மீதி ஊரில் ரெண்டு பேர் சொன்னார்கள். குணவதி ரெண்டையும் நம்பினாள், ரெண்டையும் நம்பவில்லை. நெற்றியில் பொட்டை மட்டும் எடுக்காமல் இருந்தாள்.

படமெடுக்கிறவன் எந்தப் படத்தில் இருப்பான்? அடையாள அட்டைகளெல்லாம் அவன் பர்ஸோடு போய்விட்டன. இருந்த ஒரே பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் புகார் கொடுக்கும்போது ஸ்டேஷனில் வாங்கினார்கள், திரும்பி வரவில்லை. சரி, கல்யாணப் படமாவது இருக்குமே என்றால், அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. பெற்றவர்களுக்குத் தெரியாமல் மலைக்கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம். யாரையும் நம்பிக் கேமராவைக் கொடுக்க மனசில்லாமல், மாப்பிள்ளையே நாலு படி கீழே இறங்கி நின்று எடுத்த படம் அது. கழுத்தில் மாலையோடு படியில் குணவதி மட்டும் தனியாக நிற்பாள். வீட்டுக்கு வந்த புது ஆட்கள் அந்த மாலையைப் பார்த்துவிட்டு, "அக்காவுங்களா? எப்ப தவறினாங்க?" என்று குணவதியிடமே விசாரித்திருக்கிறார்கள்.

இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இப்போது மட்டும் என்ன அவசரம் என்றால், மகள் பிரதீபாவின் கல்யாணம். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் பெண். அவளே பார்த்துப் பிடித்த பையன், தங்கமான பையன். ஆனால் தேதி வைக்கலாம் என்று உட்கார்ந்தாலே, "கொஞ்சம் பொறுங்க, எங்கப்பா வந்துடுவாரு" என்பாள் பிரதீபா. ஆவணியில் பேசியதைத் தைக்குத் தள்ளினாள், தையில் பேசியதை அடுத்த ஆவணிக்குத் தள்ளலாமா என்றாள். அப்பாவுக்கென்று ஒரு பட்டு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தாள், இடுப்பளவு மறந்துவிட்டது என்று அதற்கு ஒருநாள் அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினாள். "நான் தப்பாச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, சம்பந்தி. பங்குனியில முடிக்கணும், இல்லைன்னா எம் பையனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதாப் போயிடும். பத்திரிகையில உங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னால திருன்னு போடறதா, அமரர்னு போடறதா, அதை மட்டும் சொல்லுங்க. ரெண்டும் எங்களுக்குச் சம்மதம்."

ரெண்டும் சம்மதமாம். குணவதி போனை வைத்துவிட்டு வெறுங்கையோடு அடுப்படியில் நின்றாள். மகளுக்கு ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை அவளிடம் இல்லை.

விஷயம் தெரிந்ததும் ஊர் சும்மா இருக்குமா? சென்னியப்பன் எடுத்த படமெல்லாம் வீடு வீடாக இறங்கி, துணிப்பையிலும் முறத்திலும் குணவதி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எங்காவது ஒரு மூலையில், ஒரு ஓரத்தில், யாருடைய தோளுக்குப் பின்னாலாவது அவன் முகம் தெரியாதா என்று சென்னியப்பனின் அக்கா பத்மாவதி தரையெல்லாம் பரப்பிவைத்துத் தேடினாள். பிள்ளைகள் இருந்தார்கள், மாடுகள் இருந்தன, தேர் இருந்தது, டிப்போ விழாவில் டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள், இவனைக் காணோம். "பாவி, எல்லாரையும் எடுத்தான். அவனை ஒருத்தரும் எடுக்கலையே!" என்று பத்மாவதி தலையில் அடித்துக்கொண்டாள். யாரைக் கேட்டாலும், அவர்தானே எடுத்தார், அவர்தானே எடுத்தார் என்றே சொன்னார்கள்.

குணவதி மட்டும் படங்களை எடுத்து அடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கணும், அப்பத்தான் மூஞ்சி பளிச்சுன்னு விழும் என்று யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொடுத்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, சாகும்வரை, சரி, போகும்வரை அதை மாற்றாதவன் சென்னியப்பன். அதனால் எல்லாப் படத்திலும் கீழே, பிள்ளையின் காலடியில், பசுவின் குளம்படியில், தேர்ச்சக்கரத்துக்கு முன்னால், ரெண்டு முழங்கையும் விரித்துக் கேமராவைத் தூக்கிப்பிடித்த ஒரு நிழல் விழுந்திருந்தது. படத்தில் யார்தான் தரையைப் பார்க்கிறார்கள்?

"அண்ணி, இங்க பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். "எல்லாத்துலயும் இருக்காரு."

பத்மாவதி ஓவென்று அழுதாள். அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே பேச்சு: நிழலுக்கு மூச்சு உண்டா? உண்டு, நிழல் உயிரோடு ஒட்டினது என்றார் பூசாரி. வெளிச்சம் படாத இடத்துக்குப் பேர்தான் நிழல், அது என்ன மூச்சுவிடும் என்றார் அறிவியல் வாத்தியார், ஆனால் போட்டோ மூச்சுவிடுவதற்கு மட்டும் அவரிடம் ஆட்சேபம் இல்லை. வாதம் எப்படிப் போனாலும் ஒரு சிக்கல் இருந்தது. படத்தில் நிற்கிறவர்களின் மூச்சே கண்ணாடி முழுக்கப் பரவிவிடுகிறது. அடியில் படிவது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? நிழலைத் தனியாக எடுத்தால்தான் தெரியும். நிழல் முழுசாக, தலை முதல் கால்வரை விழுந்திருந்தது ஒரே ஒரு படத்தில்தான்.

குணவதி கல்யாணப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாதிக் பாய் கடைக்குப் போனாள். நிற்கிற பெண்ணுக்குக் கீழே, நடுவில் இருந்த மூன்று படியும் நிறைய, அவள் பாதத்தைத் தொடுகிற மாதிரி அவன் நிழல் நீண்டு கிடந்தது.

"இதுக்கு மேல வெட்டிருங்க, பாய். கீழ் பாதிக்கு மட்டும் கண்ணாடி போட்டுக் கொடுங்க."

பாய் கத்தியை எடுக்கவில்லை. "கல்யாணப் படம், தங்கச்சி. வேற பிரிண்ட் இருக்கா?"

"இல்லை."

"பிலிம்?"

"அவர்தான் வச்சிருந்தாரு."

"அப்புறம் எப்படிம்மா மனசு வரும்? ஒட்டினாலும் கோடு தெரியும்."

"நான் இருக்கேன்னு எனக்குத் தெரியும், பாய். அவரு இருக்காரான்னுதான் தெரியணும்."

பாய் கத்தியை எடுத்தார். ஸ்கேலை வைத்து, அவள் பாதத்துக்கும் நிழலின் தலைக்கும் நடுவே மயிரிழை இடம் தேடிப் பிடித்து வெட்டினார். மேல் பாதியைப் பழைய பேப்பரில் சுற்றி அவள் கையில் தனியாகக் கொடுத்தார்.

அதற்குள் மாசி பாதி போயிருந்தது. பேரி மரங்களில் வெள்ளையாய் மொட்டு வைத்து, பகலில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிய அளவுக்கு வெயில் ஏறி, படங்களின் மூச்சும் மெலிந்துகொண்டே வந்தது. போஜன் வீட்டம்மா மகனின் குல்லாயைக் கழற்றித் துவைத்து மடித்துவிட்டாள். இன்னும் ஒரு பனி விழும், அதோடு சரி என்று பூங்காவில் எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கடைசிப் பனி விழும் என்று வானம் துடைத்தாற்போல் தெளிந்த ஒரு சாயங்காலம் பிரதீபா பட்டு வேட்டிப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். குணவதி சின்ன ஃப்ரேமைக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் மல்லாத்தி வைத்தாள்.

"அம்மா, நான் கண் முழிச்சிருக்கேன்."

"தூங்கு கண்ணு. விடியறதுக்கு முன்னால எழுப்பறேன்."

"அப்பா இருப்பாரும்மா. எனக்குத் தெரியும். இருந்தாருன்னா கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், எங்கன்னு தேடலாம், நான் லீவு போட்டு ஒவ்வொரு ஊரா..." என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் குழந்தை மாதிரித் தூங்கிப்போனாள்.

விடியற்காலை குணவதி எழுந்து கொல்லைக்குப் போனபோது கிழக்கு இன்னும் சாம்பலாகத்தான் இருந்தது. கல்லும் புல்லும் வாளியும் பனியில் வெளுத்துக் கிடந்தன. ஃப்ரேமை எடுத்தாள். கண்ணாடியின் வெளிப்பக்கத்துப் பனியைப் புறங்கையால் வழித்தாள். உள்ளே, நிழலின் தலை இருந்த இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

குணவதி அப்படியே பனிமேல் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறான். எம் புருஷன் இருக்கிறான், மாரியாத்தா, இருக்கிறான் என்று ஃப்ரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு எடுத்து மறுபடி பார்த்தாள், பார்க்கப் பார்க்க அந்த மூச்சு அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நீளமாக ஒன்று, நீளமாக ஒன்று, நடுவில் சின்னதாக ஒரு தடங்கல், அப்புறம் மறுபடி நீளமாக ஒன்று. பக்கத்தில் படுத்துப் பதின்மூன்று வருஷம் கேட்ட மூச்சு. நோயில் இழுக்கிற மூச்சில்லை, பயந்தவன் மூச்சில்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, எங்கேயோ ஒரு கூரைக்குக் கீழே, கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவனின் மூச்சு. அடப்பாவி! பள்ளத்தில் விழவில்லை, காலொடிந்து கிடக்கவில்லை, நினைவு தப்பவில்லை. இத்தனை பனிக்காலமும் அவன் தூங்கி எழுந்திருக்கிறான், பல் விளக்கியிருக்கிறான், வரவேண்டாம் என்று தினம் தினம் இருந்திருக்கிறான். செத்திருந்தால் அழலாம். இதற்கு என்னவென்று அழுவாள்?

வீட்டுக்குள் மகள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. எழுப்பினால் ஓடிவருவாள், பார்ப்பாள், குதிப்பாள். பத்திரிகையில் திரு என்று போடச் சொல்வாள். போட்டுவிட்டு மணவறையில் உட்கார்ந்துகொண்டு தாலி ஏறும்வரை மண்டபத்து வாசலையே பார்ப்பாள். இல்லை, மண்டபமே இருக்காது. ஆவணி, தை, ஆவணி என்று தள்ளித் தள்ளி, லீவு போட்டு ஒவ்வொரு ஊராகத் தேடி, ஒருநாள் கண்டுபிடித்தும்விடுவாள். கண்டுபிடித்தால் அவன் என்ன சொல்வான்? நம்மை வேண்டாம் என்று போனவன் வாயால் அதை அந்தப் பெண் கேட்க வேண்டுமா?

வெயில் எதிர்மேட்டில் விழுந்து, தேயிலைச் சரிவில் வரிவரியாக இறங்கி, சாலையைத் தாண்டி, பேரி மரத்துக்கு வந்து, கொல்லை வேலியைத் தொட்டது. பொட்டு போகும், மணவறையில் தாய் நிற்கிற இடத்தில் பத்மாவதி நிற்பாள், எல்லாம் குணவதிக்குத் தெரியும். அவள் எழுந்து நாலு எட்டு நடந்து வேலியோரம் போய், ஃப்ரேமை ரெண்டு கையாலும் வெயிலில் நீட்டிப் பிடித்தாள். ஆவி ஓரத்திலிருந்து சுருங்கியது. நடுவில் கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு அதுவும் போய், கண்ணாடி துடைத்தாற்போல் ஆனது. அதன்பிறகுதான் உள்ளே போய் மகளை எழுப்பினாள்.

பிரதீபா ஃப்ரேமை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பனி நல்லா விழுந்துச்சாம்மா?"

"கல்லே வெளுத்துக் கிடந்துச்சு, கண்ணு."

"இருட்டுலயே பாத்தியா? வெயில் படலையே?"

"வெயிலுக்கு முன்னாலேயே பாத்துட்டேன். அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

பிரதீபா அழுத அழுகை இருக்கிறதே, பதினோரு வயதில் அழுதிருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதாள். அப்பா விழும்போது வலித்திருக்குமா என்று கேட்டாள். தாகமாக இருந்திருக்குமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் குணவதி, இல்லை கண்ணு, இல்லை கண்ணு என்று சொல்லிக்கொண்டே முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது ஓய்ந்ததும் அந்தப் பெண் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, "பசிக்குதும்மா" என்றாள். சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "பங்குனியிலேயே வச்சிக்கலாம். அப்பா பேருக்கு அமரர்னு போடச் சொல்லுங்க" என்று தெளிவாகச் சொன்னாள். பத்மாவதி அத்தைக்கும் போன் போட்டுச் சேதி சொன்னாள். பட்டு வேட்டியை அத்தையின் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். கட்டியிருந்தது ஏதோ அவிழ்ந்துவிட்ட மாதிரி அவள் குரலே மாறிவிட்டது.

சாவுச் சேதி வந்த வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். குணவதி கொல்லையில் வெயில் படாமல் கிடந்த வாளியை இழுத்து வைத்து, மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்த பனியைச் சொம்பால் உடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரையே எடுத்துச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்று மகள் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. நெற்றிப் பொட்டு கரைந்து மூக்கு வழியே ஓடியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. உள்ளேயிருந்து கேட்ட பிரதீபா, அழட்டும், அம்மாவும் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தாள் என்று விட்டுவிட்டாள்.

பிறகு வெயிலில் முக்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்து, துண்டால் தலையைத் துவட்டிவிட்டாள். பேரி மரத்தடியில் பனி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே நாம யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்மா" என்றாள் பிரதீபா.

"ஆமா கண்ணு."

அப்போது முன்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பிரதீபாவின் கை நிற்கவில்லை. துவட்டியபடியே, "துக்கம் கேக்க வந்திருப்பாங்க, நீ உக்காரும்மா, நான் போறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முக்காலி காலியாகியிருந்தது. ஈரத்தலை முதுகில் சொட்ட, முந்தானையைக்கூட இழுத்துப் போர்த்தாமல், குணவதி வீட்டுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் பத்மாவதியும் போஜன் வீட்டம்மாவும் சாதிக் பாயும். பத்மாவதி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எந்தம்பி போயிட்டானே என்று கதறினாள். குணவதி அவள் தோளுக்கு மேலாகத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க அண்ணி" என்றாள்.